பஹ்ரைன் 2011–12: பந்தயத்தை நிறுத்தும் பொறுப்பு யாருடையது?

2012 ஏப்ரல் 21, சனிக்கிழமை. ஃபார்முலா ஒன் கார் பந்தயமான பஹ்ரைன் கிராண்ட் பிரிக்ஸின் தகுதிச் சுற்றில் ஃபோர்ஸ் இந்தியா அணியின் பால் டி ரெஸ்டா முதல் பத்துப் பேருக்குள் வந்துவிட்டார். நடுத்தர அணி ஒன்றுக்கு அது கொண்டாட வேண்டிய நாள். ஆனால் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அந்தக் கார் ஓடியதே கண்ணில் படவில்லை. மற்ற அணிகளை மாற்றி மாற்றிக் காட்டிய கேமராக்கள் ஃபோர்ஸ் இந்தியாவை மட்டும் தாண்டித் தாண்டிப் போயின. உலகம் முழுக்கப் போகும் அந்த நேரடிக் காட்சி, ஃபார்முலா ஒன் வணிகத்தை நடத்திவந்த பெர்னி எக்கிள்ஸ்டனின் நிர்வாகத்தில் இருந்த நிறுவனத்தின் தயாரிப்பு.

முந்தைய நாள் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை இரண்டாவது பயிற்சி ஓட்டத்துக்கு ஃபோர்ஸ் இந்தியா கார்களை இறக்கவில்லை. இருட்டுவதற்குள் ஊழியர்கள் ஹோட்டலுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் காரணம். புதன்கிழமை, சர்க்யூட்டிலிருந்து மனாமாவுக்குத் திரும்பிய அந்த அணியின் ஊழியர்கள் நான்கு பேர் வாடகைக் காரில் நெரிசலில் மாட்டிக்கொண்டார்கள். சாலையில் போலீசுக்கும் போராட்டக்காரர்களுக்கும் மோதல். பெட்ரோல் குண்டு ஒன்று காருக்குப் பக்கத்தில் வந்து விழுந்து வெடித்தது. யாருக்கும் காயமில்லை. அணியில் இரண்டு பேர் மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் டி ரெஸ்டா ஆறாவதாக வந்தார். அன்றும் அவரைத் திரையில் பார்ப்பது அரிதாகவே இருந்தது. இது ஒரு தண்டனை என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அணிகள் தங்கி வேலை செய்யும் பேடாக் பகுதியில் பலர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அரசியல் சர்ச்சையில் இருக்கும் நாடுகள் கார் பந்தயம் நடத்தலாமா என்ற விவாதம் எழும்போதெல்லாம் பஹ்ரைன் பெயர் வரும். பெரும்பாலும் ஒரு பட்டியலில் ஒரு பெயராக வந்து போய்விடும். அந்த இரண்டு வருடங்களில் யார் எதை முடிவு செய்தார்கள், எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று வரிசையாகப் பார்த்தால்தான் இந்த விளையாட்டு எப்படி இயங்குகிறது என்பது பிடிபடும். எந்த நாடு நல்ல நாடு என்று கேட்டுக்கொண்டிருப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. பந்தயம் நடப்பதாலேயே யாருக்கு அடி விழுகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பாலைவனத்தில் ஒரு சர்க்யூட்

பஹ்ரைன் பரப்பளவில் சிங்கப்பூர் அளவே இருக்கும் ஒரு தீவு நாடு. ஆளும் அல் கலீஃபா குடும்பம் சுன்னி. குடிமக்களில் பெரும்பான்மை ஷியா. அரசு வேலை, வீட்டுமனை, ராணுவம், போலீஸ் எல்லாவற்றிலும் தங்களுக்கு இடமில்லை என்பது ஷியாக்களின் பல ஆண்டுக் குறை. போலீசுக்குப் பாகிஸ்தான், யேமன், சிரியா போன்ற நாடுகளிலிருந்து ஆள் எடுத்துக் குடியுரிமையும் கொடுக்கிறார்கள் என்பது அந்தக் குறையின் கூர்மையான பகுதி. அமெரிக்கக் கடற்படையின் ஐந்தாம் பிரிவுக்குத் தலைமையிடமும் இங்கேதான். மேற்கத்திய அரசுகள் பஹ்ரைன் விஷயத்தில் வாயை அளந்து திறப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சாகிர் சர்க்யூட் 2004இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஹெர்மன் டில்கே. செலவு சுமார் 15 கோடி டாலர். மத்தியக் கிழக்கில் ஃபார்முலா ஒன் நடந்தது அதுவே முதல் முறை. மணல் பறந்து தடத்தில் படியாமல் இருக்க, சுற்றியிருந்த மணல்மேல் பசை தெளித்தார்கள். மேடையில் ஷாம்பெயின் கிடையாது; பன்னீர் சேர்த்த வார்த் என்ற பானத்தைத்தான் பீய்ச்சி அடித்தார்கள். அதை முதலில் அடித்தவர் மைக்கேல் ஷூமாக்கர்.

இந்தப் பந்தயத்தைக் கொண்டுவந்தவர் பட்டத்து இளவரசர் சல்மான். அவருக்கு இது சொந்தக் கனவு. அரசின் முதலீட்டு நிறுவனமான மும்தலகாத், மெக்லாரன் குழுமத்தில் ஏறத்தாழ பாதிப் பங்கை வைத்திருந்தது. பந்தயம் நடத்த பஹ்ரைன் ஆண்டுக்குக் கட்டும் தொகை சுமார் 4 கோடி டாலர் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. இந்தப் பணத்தை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருபவை எளிதாகப் புரியும்.

பிப்ரவரி 2011

துனிசியா, எகிப்துக்குப் பின் அரபு எழுச்சி பஹ்ரைனைத் தொட்டது பிப்ரவரி 14 அன்று. மனாமாவின் முத்து ரவுண்டானாவில் கூட்டம் கூடியது. ஆறு பாய்மரங்கள் சேர்ந்து ஒரு முத்தைத் தாங்கும் நினைவுச்சின்னம் அங்கே நின்றது; 500 ஃபில்ஸ் நாணயத்திலும் அதன் படம் உண்டு. 17ஆம் தேதி விடியுமுன் போலீஸ் அங்கே புகுந்தது. கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை அடித்து விரட்டியதில் நான்கு பேர் இறந்தார்கள்.

அந்த வாரம் சாகிரில், ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு படி கீழான ஜிபி2 ஆசியா பந்தயம் நடக்க வேண்டியது. ரத்தானது. காரணம் கவனிக்கத்தக்கது: சர்க்யூட்டில் நிற்க வேண்டிய மருத்துவக் குழுவை மருத்துவமனைகளுக்கு அழைத்துவிட்டார்கள். ஆம்புலன்சும் மருத்துவரும் இல்லாமல் பயிற்சி ஓட்டம்கூட நடத்த முடியாது. இந்த இரண்டு வருடக் கதையில் ஒரு பந்தயம் ஒரே நாளில், சச்சரவே இல்லாமல் நின்றது அப்போது மட்டும்தான்.

ஃபார்முலா ஒன் பருவத்தின் முதல் பந்தயம் மார்ச் 13 அன்று சாகிரில் தொடங்குவதாக இருந்தது. பிப்ரவரி 21 அன்று இளவரசரே, இப்போது நாட்டைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லி விலகிக்கொண்டார். முடிவை அவரிடமே விட்டிருந்தவர் எக்கிள்ஸ்டன். விளையாட்டு அமைப்பு வாயைத் திறக்கவே இல்லை. வீட்டுக்காரரே கல்யாணத்தைத் தள்ளிவைத்தார்.

மார்ச் 14 அன்று சவூதி தலைமையிலான படைகள் பாலம் வழியாக உள்ளே வந்தன. மறுநாள் நெருக்கடி நிலை. 18ஆம் தேதி முத்து நினைவுச்சின்னத்தையே இடித்துத் தள்ளினார்கள். இடிக்கும்போது சரிந்த பகுதியில் சிக்கி, கிரேன் ஓட்டிய வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அந்த நாணயத்தையும் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அடுத்து நடந்த கைதுகளில் சல்மானியா மருத்துவமனை மருத்துவர்கள் பற்றி உலகம் பேசியது. கார் பந்தயக்காரர்கள் பேச வேண்டிய கைதுகள் வேறு. ஏப்ரலில், சாகிர் சர்க்யூட்டில் வேலை பார்த்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். போராட்டத்துக்குப் போனார்கள், பந்தயம் ரத்தானதில் மகிழ்ந்தார்கள் என்றெல்லாம் அவர்கள்மேல் குற்றம். காவலில் தங்களை அடித்ததாகச் சிலர் பின்னர் பத்திரிகைகளிடம் சொன்னார்கள். வேலையும் போனது.

இவர்கள் யாரோ அல்ல. டிக்கெட், கணக்கு, மார்க்கெட்டிங் என்று பந்தயம் நடக்க உழைத்தவர்கள். ஓட்டுநர்களும் அணிகளும் வருடாவருடம் கைகுலுக்கிய முகங்கள். நாட்டு அரசியல் எங்கள் வேலையல்ல என்று சொல்பவர்கள்கூட, எங்கள் வேலையாட்கள் எங்கே என்று கேட்டிருக்கலாம். 2011 இறுதியில், நீக்கியவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சர்க்யூட் நிர்வாகம் அறிவித்தது. அது வரைக்கும் ஃபார்முலா ஒன் தரப்பில் பெரிதாக ஒரு சத்தமும் கேட்கவில்லை.

ஜூன் 2011: ஒரு வாரத்தில் ஒரு பல்டி

விலகியதோடு முடிந்திருந்தால் இது ஒரு சாதாரண ரத்து. ஆனால் உலகக் கார் பந்தயங்களை ஆளும் அமைப்பான எஃப்ஐஏ, பந்தயத்தை அதே ஆண்டில் மறுபடி நுழைக்க முடியுமா என்று பார்த்தது. நிலைமையை நேரில் அறிய துணைத் தலைவர் கார்லோஸ் கிராசியாவை மே மாத இறுதியில் அனுப்பினார்கள். அவர் பார்த்தது பெரும்பாலும் அமைச்சர்களையும் அதிகாரிகளையும், அரசே அமைத்த மனித உரிமை நிறுவனத்தையும்தான். எதிர்த்தரப்பில் சிறையில் இருந்தவர்களின் குடும்பம் எதையும் அவர் சந்திக்கவில்லை. நிலைமை அமைதி என்று அறிக்கை வந்தது.

ஜூன் 3, பார்சிலோனா. எஃப்ஐஏவின் உலக மோட்டார் விளையாட்டுக் கவுன்சில் ஒருமனதாக வாக்களித்தது: பஹ்ரைன் அக்டோபர் 30 அன்று நடக்கும். அந்தத் தேதியில் ஏற்கெனவே ஒரு பந்தயம் இருந்தது. அது இந்தியாவின் முதல் கிராண்ட் பிரிக்ஸ். கிரேட்டர் நொய்டா புத்த சர்க்யூட். அதை டிசம்பர் 11க்குத் தள்ளினார்கள். கூட்டத்துக்கு முன்பே, வேண்டாம் என்று மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு ஒன்று வந்திருந்தது. அது யார் மேசையில் கிடந்ததோ.

அடுத்த சில நாட்களில் எல்லாம் தலைகீழானது. ஏன் என்பதுதான் இங்கே சுவாரசியம். அணிகள் சேர்ந்து எதிர்ப்புக் கடிதம் அனுப்பின. அதில் முன்னால் நின்றது மனித உரிமை அல்ல. சரக்குப் போக்குவரத்து, பருவம் டிசம்பர் வரை இழுப்பது, மெக்கானிக்குகள் வீட்டைப் பார்க்க முடியாமல் போவது. அவையும் நியாயமான குறைகளே. ஆனால் பந்தயத்தைக் கொன்றது அதுகூட இல்லை. எஃப்ஐஏவின் பழைய தலைவர் மேக்ஸ் மோஸ்லி, சர்வதேச விளையாட்டு விதித்தொகுப்பின் 66ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டினார். பங்கேற்கும் எல்லோரும் ஒப்புக்கொள்ளாமல், பதிவு தொடங்கிய பிறகு தேதியை மாற்ற முடியாது. ஓர் அணி முடியாது என்றாலும் முடியாது. எக்கிள்ஸ்டனும் இது நடக்காது என்று கைவிரித்தார். ஒரு வாரத்துக்குள் பஹ்ரைன் விலகிக்கொண்டது. அக்டோபர் 30 அன்று நொய்டாவில் திட்டமிட்டபடி பந்தயம் நடந்தது. கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் ஹெச்ஆர்டி அணியின் காரில் சொந்த நாட்டு ரசிகர்கள் முன் ஓட்டினார்.

சரி, ஓட்டுநர்கள்? அன்று வெளிப்படையாகப் பேசியவர் என்று சொல்ல மார்க் வெப்பர் ஒருவர்தான் இருந்தார். ஒரு நாட்டில் மக்கள் காயப்படும்போது விஷயம் விளையாட்டைவிடப் பெரிது என்ற பொருளில் அவர் ட்விட்டரில் எழுதினார். மற்றவர்கள், எஃப்ஐஏ சொன்னால் வருவோம் என்ற அளவில் நின்றார்கள்.

ஆக 2011இல் பந்தயம் நடக்காததைக் கார் பந்தய உலகத்தின் மனசாட்சி என்று கணக்கில் எழுத முடியாது. முதல் முறை இளவரசர் விலகினார். இரண்டாவது முறை ஒரு தேதி விதி தடுத்தது.

ஏப்ரல் 2012

இடையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. மன்னர் அமைத்த விசாரணைக் குழு, எகிப்தில் பிறந்த சட்ட அறிஞர் ஷெரீஃப் பஸ்யூனி தலைமையில், 2011 நவம்பர் 23 அன்று அறிக்கை கொடுத்தது. பிப்ரவரி, ஏப்ரலுக்கு இடைப்பட்ட இரண்டு மாதங்களில் 35 சாவுகள்; அவற்றில் ஐந்து சித்திரவதையால். கைதிகளை அடித்தது முறையாக நடந்தது என்றும் அறிக்கை சொன்னது. மன்னர் முன்னிலையிலேயே இதைப் படித்தார்கள். அரபு ஆட்சியாளர் ஒருவர் தன் அரசைப் பற்றி இப்படி ஓர் அறிக்கையைப் பகிரங்கமாக ஏற்றது அபூர்வம். அதை மறைக்க வேண்டியதில்லை. பரிந்துரைகளை நிறைவேற்றுவது வேறு விஷயம்.

இதைக் காட்டி, சீர்திருத்தம் நடக்கிறது, பந்தயம் நடக்கட்டும் என்றார்கள். எஃப்ஐஏ தலைவர் ழான் டோட் 2011 இறுதியில் நேரில் போய்ப் பார்த்துவந்தார். 2012 ஏப்ரல் 13 அன்று, எல்லோரும் சீனப் பந்தயத்துக்காக ஷாங்காயில் இருந்தபோது, பஹ்ரைன் பந்தயம் உண்டு என்று அறிவிப்பு வந்தது.

அந்த வாரங்களில் யார் என்ன சொன்னார்கள் என்று கோத்துப் பார்த்தால் ஒரு வட்டம் தெரியும். அணிகள், எஃப்ஐஏ நாட்காட்டியில் இருந்தால் நாங்கள் போக வேண்டும், ஒப்பந்தம் அப்படி என்றன. எஃப்ஐஏ, பாதுகாப்பை மட்டும்தான் பார்ப்போம், அரசியல் எங்கள் வேலையில்லை என்றது. எக்கிள்ஸ்டன், நான் ரத்து செய்ய முடியாது, பஹ்ரைன் மோட்டார் சங்கம் கேட்டால்தான் உண்டு என்றார். பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரூன், பஹ்ரைன் ஒன்றும் சிரியா அல்ல, முடிவு ஃபார்முலா ஒன் கையில் என்றார். விளம்பரதாரர்கள் எதுவும் சொல்லவில்லை. நம்மூர் அலுவலகங்களில் அந்த டேபிளுக்குப் போங்க என்று அனுப்புவார்களே, கிட்டத்தட்ட அதுதான். கடைசி டேபிளில் உட்கார்ந்திருந்தது பஹ்ரைன் அரசு.

அந்த அரசு பந்தயத்தை எப்படிப் பார்த்தது என்பதில் ஒளிவுமறைவே இல்லை. விளம்பரப் பலகைகளில் எல்லாம் ஒரே நாடு, ஒன்றுபட்ட கொண்டாட்டம் என்ற கோஷம். ஃபார்முலா ஒன்னின் சுருக்கப் பெயரையே ஒற்றுமை என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் செருகியிருந்தார்கள். விளையாட்டில் அரசியல் கலக்கக் கூடாது என்று எஃப்ஐஏ சொல்லிக்கொண்டிருந்தபோது, பந்தயத்தின் அதிகாரப்பூர்வக் கோஷமே ஓர் அரசியல் கூற்றாக இருந்தது. நாடு பிளவுபட்டிருக்கிறதா இல்லையா என்பதுதான் அங்கே நடந்த சண்டையின் மையமே. என்னைப் பொறுத்தவரை 2012 பந்தயத்துக்கு எதிரான வலுவான வாதம் இந்தப் பலகைதான்.

பந்தய வாரத்தில் சிறையில் அப்துல்ஹாதி அல்-கவாஜாவின் உண்ணாவிரதம் எழுபது நாட்களைக் கடந்திருந்தது. டென்மார்க் குடியுரிமையும் உள்ள மனித உரிமைப் போராளி. ஆயுள் தண்டனைக் கைதி. விமான நிலையத்திலிருந்து சர்க்யூட் வரை கவச வண்டிகள். மனாமாவைச் சுற்றிய கிராமங்களில் டயர் எரியும் புகை. விளையாட்டு நிருபர்களுக்கு விசா கிடைத்தது. அரசியல் நிருபர்கள் பலருக்குக் கிடைக்கவில்லை. பிரிட்டனின் சேனல் 4 குழுவைப் பந்தய நாளன்றே பிடித்து நாடு கடத்தினார்கள். வெள்ளி இரவு மோதலுக்குப் பின், சனிக்கிழமை காலையில் ஷாகூரா கிராமத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் போராட்டக்காரர் ஒருவரின் உடல் கிடந்தது.

ஓட்டுநர் செபாஸ்டியன் வெட்டல் வந்திறங்கியபோது, இதெல்லாம் ஊதிப் பெரிதாக்கியது, நாம் டயர் வெப்பநிலை போன்ற முக்கியமான விஷயங்களைப் பேசலாம் என்ற தொனியில் பேசினார். வயது 24. ஞாயிறன்று அவரே வென்றார். இரண்டு, மூன்றாம் இடங்களில் லோட்டஸ் அணியின் ராய்க்கோனனும் குரோஜானும். நல்ல பந்தயம்தான், பொய் சொல்லக் கூடாது. பார்வையாளர் மாடங்களில் காலி இருக்கைகள் இருந்தன.

நடத்தியது சரி என்பவர்களின் பக்கம்

அந்தப் பக்கத்தை எளிதில் ஒதுக்க முடியாது. இளவரசர் சல்மான் அரண்மனைக்குள் மிதவாதி. 2011 மார்ச்சில் எதிர்க்கட்சிகளோடு பேச்சுவார்த்தைக்கு ஏழு அம்சங்களை முன்வைத்தவர் அவர்தான். சவூதிப் படை வந்ததும் கடும்போக்காளர்கள் கை ஓங்கி, அவர் ஓரங்கட்டப்பட்டார். பந்தயம் அவருடைய குழந்தை. அதை ரத்து செய்தால் அரண்மனையின் நல்ல பக்கத்துக்குத்தான் அடி என்றார்கள். ரத்து செய்வது தீவிரவாதிகளுக்கே பலம் என்று அவரே பேடாக்கில் நின்று சொன்னார். பெரிய எதிர்க்கட்சியான அல்-விஃபாக்கூட, பந்தயம் வேண்டவே வேண்டாம் என்று நிற்கவில்லை. அந்த வாரத்தைப் பேரணிகளுக்குப் பயன்படுத்திக்கொண்டது. வேண்டாம் என்று உறுதியாக நின்றவர்கள் நபீல் ரஜப் போன்ற மனித உரிமைக்காரர்களும் பிப்ரவரி 14 இளைஞர் கூட்டணியும்.

பந்தயம் நடந்ததால்தான் உலகம் பஹ்ரைனைப் பார்த்தது என்பது இன்னொரு வாதம். அதில் பாதி உண்மை. அல்-கவாஜா பெயர் அந்த வாரம் விளையாட்டுப் பக்கங்களில் எல்லாம் வந்தது. ஆனால் அந்தக் கவனம், வாசலில் நிறுத்தப்பட்ட நிருபர்களையும் மீறி வந்தது. பந்தயம் நடத்தியவர்கள் கொடுத்த பரிசல்ல. அப்புறம், கேமராக்கள் மே மாதம் ஸ்பெயினுக்குப் போய்விட்டன. பந்தயம் முடிந்து இரண்டு வாரத்துக்குள், மே 5 அன்று, வெளிநாடு போய்த் திரும்பிய நபீல் ரஜப்பை விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள்.

இளவரசர் வாதத்தைப் பின்னோக்கிப் பார்க்கும் வசதி நமக்கு இருக்கிறது. அவர் 2013இல் முதல் துணைப் பிரதமரானார், 2020 நவம்பரில் பிரதமரானார். அல்-விஃபாக் 2016இல் கலைக்கப்பட்டது. அதன் தலைவர் ஷேக் அலி சல்மான் 2018இல் ஆயுள் தண்டனை பெற்றார். அல்-கவாஜாவுக்கு அந்த ஆயுள் தண்டனையிலிருந்து விடிவு வரவில்லை. மிதவாதி மேலே வந்தார். மிதவாதம் வரவில்லை.

மற்ற ஊர்களின் கணக்கு

விளையாட்டு அரசியலில் தலையிடாது என்பதற்கு வரலாறும் ஒத்துழைக்கவில்லை. 1985 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவின் கயலாமி பந்தயத்தை ரெனோ, லிஜியே அணிகள் புறக்கணித்தன. பிரெஞ்சு அரசின் அழுத்தம். பந்தயம் நடந்தது, மான்செல் வென்றார். ஆனால் அடுத்த ஃபார்முலா ஒன் அங்கே திரும்பியது 1992இல், நிறவெறிச் சட்டங்கள் விழத் தொடங்கிய பிறகே.

ரஷ்யா இன்னும் தெளிவான உதாரணம். 2014 மார்ச்சில் கிரிமியாவை எடுத்துக்கொண்ட பிறகும் அக்டோபரில் சோச்சியில் முதல் பந்தயம் நடந்தது. புதின் வந்து எக்கிள்ஸ்டன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது முழுப் போர். மறுநாளே, இன்றைய சூழலில் சோச்சியில் பந்தயம் முடியாது என்றது ஃபார்முலா ஒன். மார்ச் 3 அன்று ஒப்பந்தமே ரத்து. பஹ்ரைனில் ஒரு வருடமாகக் கிடைக்காத அதிகாரம் ஒரே நாளில் எங்கிருந்து வந்தது? இந்த முறை ஐரோப்பிய அரசுகளும் தடைகளும் ஒரே பக்கம் நின்றன. நான் போக மாட்டேன் என்று முதலில் சொன்ன ஓட்டுநர் யார் தெரியுமா? வெட்டல். டயர் வெப்பநிலை பேசிய அதே வெட்டல். பத்து வருடத்தில் அந்த மனிதர் நிறைய தூரம் வந்திருந்தார்.

அதே மார்ச் மாதம் சவூதியில் கதை வேறு. 12ஆம் தேதி ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். 25ஆம் தேதி ஜெட்டாவில் முதல் பயிற்சி ஓட்டத்தின்போது, யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் தாக்கிய, சவூதி அரசு எண்ணெய் நிறுவனமான அராம்கோவின் கிடங்கு எரிந்த கரும்புகை தடத்திலிருந்தே தெரிந்தது. வெர்ஸ்டாப்பன் காருக்குள் இருந்தே எரிகிற வாசனை வருகிறது என்று ரேடியோவில் கேட்டார். ஓட்டுநர்கள் நள்ளிரவைத் தாண்டியும் கூடிப் பேசினார்கள். ஞாயிறு பந்தயம் நடந்தது. அராம்கோ, 2020 முதல் ஃபார்முலா ஒன்னின் பெரிய விளம்பரதாரர்.

இந்தியாவையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். இங்கே பந்தயம் 2013க்குப் பின் நின்றதற்குக் காரணம் வரி: உத்தரப் பிரதேசக் கேளிக்கை வரி, சுங்கம், ஃபார்முலா ஒன் நிறுவனத்தின் இந்திய வருமானத்துக்கு வருமான வரி. உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில் 2017இல் வரித்துறைக்கே வெற்றி. வரிச் சிக்கலில் ஒரு நாடு நிரந்தரமாக விழுந்தது. 35 சாவுகளுக்குப் பின் இன்னொரு நாடு ஒரே ஒரு பந்தயத்தை இழந்தது.

பந்தயம் சிறைக்கு அனுப்பியவர்கள்

2014இல் பஹ்ரைனுக்கான மனித உரிமை அமைப்பு ஒன்று, ஃபார்முலா ஒன் நிறுவனங்கள்மீது பிரிட்டனில் ஓஇசிடி என்ற பொருளாதாரக் கூட்டமைப்பின் வழிகாட்டு நெறிகளின்கீழ் புகார் கொடுத்தது. மத்தியஸ்தம் நடந்து 2015இல் உடன்பாடு. தான் போகும் நாடுகளில் மனித உரிமைப் பாதிப்பை முன்கூட்டியே ஆராய்வதாகவும், மனித உரிமைகளை மதிப்பதாகவும் ஃபார்முலா ஒன் எழுத்தில் கொடுத்தது. இதற்கு முன் இப்படி ஒரு காகிதமே கிடையாது. அந்த வகையில் பெரிய முன்னேற்றம்.

2017 ஏப்ரலில், அந்த ஆண்டுப் பந்தயத்தை ஒட்டி, நஜா யூசுஃப் என்ற அரசு ஊழியர் கைதானார். நான்கு பிள்ளைகளின் தாய். ஃபேஸ்புக்கில் பந்தயத்தை எதிர்த்து வந்த பதிவுகள் அவர்மேல் வைத்த குற்றச்சாட்டில் இருந்தன. விசாரணையில் தன்னை அடித்ததாகவும் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதாகவும் அவர் சொன்னார். 2018இல் மூன்று வருடச் சிறை. பந்தயத்துக்கும் தண்டனைக்கும் தொடர்பில்லை என்பது பஹ்ரைன் அரசின் நிலை. ஐநாவின் தன்னிச்சைக் காவல் பணிக்குழு அவரது காவலைத் தவறென்றது. ஃபார்முலா ஒன் கவலை தெரிவித்தது. 2019 ஆகஸ்டில் மன்னரின் மன்னிப்பில் அவர் வெளியே வந்தார்.

சாகிர் ஊழியர்களும் நஜா யூசுஃபும் தான் இந்த வழக்கில் என் அளவுகோல். நாட்டின் எல்லாப் பாவத்துக்கும் ஃபார்முலா ஒன் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்டால் எந்த நாட்டிலும் கார் ஓட்ட முடியாது. பிரிட்டனின் சில்வர்ஸ்டோனிலும் அமெரிக்காவின் ஆஸ்டினிலும்கூட யாராவது ஒரு பட்டியலோடு வந்து நிற்பார்கள். ஆனால் பந்தயம் காரணமாகவே ஒருவர் கைதானால், பந்தயத்துக்கு வேலை செய்தவரே சிறையில் இருந்தால், பந்தயமே அரசின் அறிக்கையாக மாறினால், அது விளையாட்டின் சொந்தக் கணக்கு. தூதரகங்களின் வேலை என்று தள்ள முடியாது. இந்த அளவுகோலில் 2012 பஹ்ரைன் தேறாது. 2010 பஹ்ரைன், குறைகள் இருந்தாலும், தேறும்.

இதை ஒப்பந்தத்தில் எழுதுவது பெரிய வித்தையும் இல்லை. மருத்துவ ஹெலிகாப்டர் எழும்ப முடியாவிட்டால் பயிற்சி ஓட்டம் நிற்கும் என்று விதி இருக்கிறது. மழையோ மூடுபனியோ, யார் எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் நிற்கும். பந்தயத்தை விமர்சித்ததற்காகக் கைது கூடாது, அரசியல் நிருபருக்கும் விசா உண்டு, ஊழியரைப் பிடித்தால் காரணம் சொல்ல வேண்டும், மீறினால் அடுத்த ஆண்டுத் தேதி போகும் என்று நான்கு வரி சேர்க்கலாம். ஓட்டுநர்களைத்தான் கட்டுப்படுத்த விதி வந்தது: 2022 டிசம்பரில் எஃப்ஐஏ, முன் அனுமதி இல்லாமல் அரசியல் கருத்துகளை வெளிக்காட்டக் கூடாது என்று விதித்தொகுப்பில் சேர்த்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் பஹ்ரைன் தன் ஒப்பந்தத்தை 2036 வரை நீட்டித்துக்கொண்டது.